ஒரே வரி, ஐந்து நீலம்

ஃபக்காலா, கெய்ரோ
செவ்வாய்க்கிழமை, கடை திறந்த கையோடு

அன்பு மகள் மனாருக்கு உன் அம்மா இன்ஷிராஹ் எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் இங்கே கண் சுகம், கை சுகம், வியாபாரம் சுகம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முகம் சுளிக்கிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே மாண்ட்ரியல் பனிக்குள்ளே நீயும் மருமகன் ஹாஸிமும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. ஃபோனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு என் முழங்காலுக்குப் போய்விடுகிறாய். அதனால்தான் இந்த முறை ஃபோனை எடுக்காமல் பேனாவை எடுத்தேன். ஃபோனில் நான் பேசும்போது நீ குறுக்கே வருவாய். கடிதத்துக்குக் குறுக்கே வர முடியாது, முடியும் வரை கேட்டுத்தான் ஆகவேண்டும். கேள்.

மனத்தில் இருப்பதை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன், அப்புறம் நிம்மதியாக ஊர்க்கதை பேசலாம். பக்கத்துக் கடை திஸூகி ஹாஜியாருக்கு நீ ஃபோனில் அனுப்பிய செய்தியை அவர் எனக்குக் காட்டிவிட்டார். கடையை விற்க உனக்குச் சம்மதம், அம்மாவை வழிக்குக் கொண்டுவருவது உன் பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். வழி தவறிய ஆட்டுக்குட்டியா நான்? இந்தக் கடையை நான் வாங்கினபோது பத்திரத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் எழுதச் சொன்னது நான்தான். எழுத்தர்கூட எதற்கம்மா, பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம்தானே போகிறது என்றார். எனக்குப் பிறகு உன் அப்பா வழியில் எவனும் வந்து உன்னை இந்த வாசலிலிருந்து இறக்கிவிடக் கூடாது என்று எழுத வைத்த பெயர் அது. அதே பெயரைப் பிடித்து என்னை இறக்கலாம் என்பது அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை. போகட்டும். விற்க இரண்டு கையெழுத்து வேண்டும். மாதம் முடிவதற்குள் இரண்டும் வேண்டும் என்று ஹாஜியார் காத்திருக்கிறார். என்னுடையது அவருக்குக் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று உனக்குச் சொல்லத்தான் இத்தனை தாள்.

நீ விற்கச் சொல்வதற்குக் காரணம் என் மேல் உள்ள பாசம் என்பதும் எனக்குத் தெரியும். ஏணியிலிருந்து நான் விழுந்தது உண்மை. கரீமா உன்னிடம் சொன்னது போல இடுப்பு முறியவில்லை, முழங்கால்தான் வீங்கியது. அதற்கும் வைத்தியம் செய்துவிட்டேன். நீலப் புட்டிகளை எல்லாம் கை எட்டும் உயரத்துக்கு இறக்கிவிட்டு, நீ வாங்கி வைக்கச் சொன்ன சிவப்பு, பச்சை, தங்கத்தூள் போட்டது எல்லாவற்றையும் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து ஏணி சுவரோரமாகவே நிற்கிறது. மேல்தட்டை ஒருவரும் கேட்பதில்லை, நானும் ஏறுவதில்லை.

சரி, ஊர்க்கதை. உன் சித்தி கரீமாவின் மகள் ஷைமாவுக்குப் போன வியாழக்கிழமை நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை ஆள் பரவாயில்லை, கொஞ்சம் வாய் குறைச்சல், நம் ஷைமாவுக்கு அதுதான் தோது. நிக்காஹ் எழுதுகிறவர் புத்தகத்தை விரித்து வைத்தார், மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு கறுப்புப் பேனாவை எடுத்தார். எழுதுகிறவர் உடனே அவர் கையைத் தடுத்து, கறுப்பு வேணாம் தம்பி, நாளைக்கு இதை நகல் எடுத்தா எது அசல் எது நகல்னு எந்த ஆபீஸ்காரனுக்குத் தெரியும், நீலம் எடு என்றார். மண்டபம் முழுக்க ஆள், ஆளுக்கொரு ஃபோன், சிலரிடம் இரண்டு. ஒருவரிடமும் நீலப் பேனா இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா வாசலில் நின்ற கார் டிரைவர்களிடம் கேட்கப் போய்விட்டார். கரீமா என்னைப் பார்த்தாள். கரீமா பார்த்ததும் அவள் வீட்டார் பார்த்தார்கள், கடைசியில் மண்டபமே பார்த்தது. நான் நிதானமாகக் கைப்பையைத் திறந்தேன். அவசரப்படுவேனா? நான் எடுத்துக்கொடுத்த மைப்பேனாவை மாப்பிள்ளை ஊசி போடுகிற மாதிரி குத்தினார். குத்தாதீங்க தம்பி, தடவுங்க என்றேன். தடவினார், கையெழுத்தும் விழுந்தது, ஷைமாவின் வெள்ளைக் கையுறையில் ஒரு சொட்டும் விழுந்தது. பெரியம்மா, இது போகுமா என்றாள். போகாதுடி, கையெழுத்தும் போகாது, கறையும் போகாது, ரெண்டுக்கும் ஒரே உத்தரவாதம் என்றேன். அந்த வாய் குறைந்த பிள்ளையே சிரித்துவிட்டது. புறப்படும்போது நிக்காஹ் எழுதுகிறவர் என்னைத் தனியே கூப்பிட்டு அந்த மை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். என் கடையில்தான் என்றேன். சனிக்கிழமை வந்து வாங்கிப் போனார்.

இப்போது உன் வாதத்துக்கு வருகிறேன். அம்மா, அந்தச் சுவர் முழுக்க இருப்பது ஒரே நீலம், லேபிள்தான் நாற்பது என்று போன மாதம் சொன்னாய். மைப்பேனா வைத்திருக்கிறவர்கள் பத்துப் பேர், அவர்களும் நீலத்தைத் தவிர வேறு பார்க்க மாட்டார்கள், அதற்கு ஒரு புட்டி போதும், ஒரு கடை எதற்கு என்றாய். நீ சொன்ன வண்ணங்களை நான் வாங்கி வைக்காமல் இல்லை. நான் பிடிவாதக்காரிதான், ஆனால் வியாபாரி. மாதுளைச் சிவப்பு வாங்கினவர்கள் எல்லாரும் ஆசையாகத்தான் வாங்கினார்கள். அடுத்த வருஷம் கேட்டால், அது அப்படியே இருக்கும்மா என்கிறார்கள். அது ஊறுகாய். தட்டு ஓரத்தில் கொஞ்சம் இருக்கும், அழகாக இருக்கும். நீலம் ரொட்டி. தினம் தீரும், தினம் வேண்டும். உனக்குக் கட்டடம் வரையத் தெரியும், எனக்குத் தீர்ந்த புட்டியைப் படிக்கத் தெரியும். சிவப்பு வாத்தியாருக்குச் சொந்தம், பச்சை மேலதிகாரிக்குச் சொந்தம், கறுப்பு அச்சு எந்திரத்துக்குச் சொந்தம். மிச்சம் இருக்கிற எல்லா மனிதர்களுக்கும் இருப்பது நீலம் ஒன்றுதான், அதில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சாயல் தேடினால் உனக்கும் ஹாஜியாருக்கும் எங்கே வலிக்கிறது?

வெள்ளிக்கிழமை தோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு என் கடையில் கூடுகிறவர்களை நீ ஃபோனில் ஒருமுறை பார்த்திருக்கிறாய். ஓய்வு பெற்ற நீதிபதி ரஅஃபத் ஐயா, ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் லமியா, மெட்ரோவில் வேலை பார்க்கும் கிரோலோஸ், இன்னும் வருகிறவர்கள் போகிறவர்கள். எல்லாருக்கும் ஆள்காட்டி விரலில் ஒரு நீலத் திட்டு, அதை அவர்கள் கழுவுவதில்லை. ஒரு புது நீலம் வந்தால் ஒரு கோடு போட்டு அதை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்து, துணிக்கடையில் பட்டுப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். டாக்டரம்மா, இது ஊதா பக்கம் போகுதே ஐயா என்பாள். போகட்டும்மா, திரும்பி வந்துடும் என்பார் நீதிபதி. அவர் ஆயுசு முழுக்க எத்தனையோ பேருக்குத் தீர்ப்பு எழுதினவர், ஒரு நீலத்தைப் பற்றி மட்டும் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. கிரோலோஸ் வீட்டில் சட்டையைவிட நீலம் அதிகம். உன் வீட்டுக்காரி ஒண்ணும் சொல்றதில்லையாப்பா என்று கேட்டேன். அவ கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா, அதனாலதான் பொழப்பு ஓடுது, புதுசு வாங்கினதே அவளுக்குத் தெரியாது என்றான். இவன் மனைவியும் நீயும் சந்தித்தால் நன்றாகப் பேசிக்கொள்வீர்கள்.

ஹாஜியாரை நீ அறிவாய். இந்தத் தெருவுக்கு நான் வந்தபோது இந்தப் பக்கம் முழுக்கப் பேப்பரும் புத்தகமும். இப்போது பாதிக்கு மேல் வாஷ்பேசினும் டாய்லெட் கோப்பையும். அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன், ஜனங்களுக்கு எது வேண்டுமோ அதைத்தான் விற்க முடியும். ஆனால் அவர் தன் சாமானைத் தன் நடைபாதையோடு நிறுத்தாமல் என் ஜன்னல் வரை அடுக்கி வைத்திருக்கிறார். அதனால் எனக்கு வெளிச்சம் போகிறது. புது நீலம் பார்க்க வருகிறவர் வாசலில் நிற்க இடமில்லாமல் இரண்டு கோப்பைக்கு நடுவே ஒரு காலை வைத்து நிற்கிறார். போன வெள்ளிக்கிழமை அதைச் சொல்லப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, மனாரும்மா, உன் பைத்தியங்களுக்கு வெளிச்சம் எதுக்கு, இருட்டுல பார்த்தாலும் நீலம் நீலம்தானே என்றார். அவங்களுக்கு வித்தியாசம் தெரியும் ஹாஜியாரே என்றேன். தெரியாது, லேபிளைப் படிச்சிட்டுத் தலையாட்டறாங்க, லேபிளை எடுத்துட்டா உன் டாக்டரம்மாவுக்குத் தன் நீலம் எதுன்னே தெரியாது என்றார். டாக்டரம்மா வாசலில்தான் நின்றிருந்தாள். ஆபரேஷன் அறையில் பேசாமல் நிற்கிறவள், அங்கே பேசாமல் நிற்கவில்லை.

அப்படித்தான் பந்தயம் வந்தது. கடையைப் பந்தயம் வைப்பேன் என்று நினைத்துவிடாதே, நான் அந்த அளவுக்கு முட்டாள் இல்லை. அவர்கள் சரியாகச் சொன்னால் ஹாஜியார் தன் கோப்பைகளை என் ஜன்னலை விட்டு எடுக்கவேண்டும். தவறாகச் சொன்னால் நான் அவர் கடையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீ குடித்து, என் கடைக்கு அவர் சொல்கிற விலையைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும், நடுவில் எழுந்து போகக் கூடாது. கேட்பதற்குத்தான் ஒப்புக்கொண்டேன், கொடுப்பதற்கு இல்லை. இந்த வித்தியாசத்தை ஹாஜியார் கவனிக்கவில்லை.

என் சுவரிலிருந்து ஐந்து நீலம் எடுத்துக்கொடுத்தேன். பிள்ளைகள் எழுதுகிற பள்ளிக்கூட நீலம், நிக்காஹில் மாப்பிள்ளை தொட்ட அழியாத நீலம், டாக்டரம்மா பதினைந்து வருஷமாக மாற்றாமல் எழுதுகிற ஒன்று, நீதிபதி உயிர் விடுகிற கறுநீலம், மயில் கழுத்து மாதிரி ஒன்று. ஹாஜியார் லேபிள் மேலெல்லாம் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டி, ஒரு வாஷ்பேசினுக்குப் பின்னால் புட்டிகளை வரிசையாக வைத்து, கண்ணாடிக் குச்சிப் பேனாவைத் தோய்த்துத் தானே எழுத உட்கார்ந்தார். எழுத ஒரு பில் தாளைக் கிழித்தார். அங்கேதான் நம் ஆட்கள் கெட்டார்கள். கிரோலோஸ் துடித்துப்போய், ஹாஜியாரே, இந்தத் தாளா, இது மையை ஒற்றுத்தாள் மாதிரி குடிச்சிடுமே, இதுல நீலத்தைப் பார்க்கறது நீலத்துக்கே அவமானம் என்று சொல்லித் தன் பையிலிருந்து ஜப்பானிலிருந்து வரவழைத்த வழவழப்பான தாள் ஒன்றை, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் காப்பாற்றி வந்ததை, எடுத்துக்கொடுத்தான். மற்றவர்களும் அதுதான் சரி என்றார்கள். அந்தத் தாளில் மை உட்காராது, மேலேயே குளம் கட்டி நிற்கும், காய ஒரு யுகம் பிடிக்கும். இவர்களுக்கே தெரியும். தினமும் ஊதி ஊதிக் காத்திருந்து பார்க்கிறவர்கள்தான். பில் தாளில் எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்கள். தாள் கௌரவம் பார்த்துக் கெட்டார்கள்.

ஹாஜியார் என்ன எழுதினார் தெரியுமா? மனாரும்மா கடையை விற்கட்டும். அதே வரியை ஐந்து மையிலும் ஐந்து தடவை. எழுதிவிட்டு அந்தத் தாளைத் தெருவில் வெயிலில் கிடந்த ஒரு வாஷ்பேசினுக்குள் வைத்து, ம், சொல்லுங்க, சீக்கிரம், கடைக்கு ஆள் வந்திருக்கு என்று அவசரப்படுத்தினார். வந்தவள் ஒரு கல்யாணப்பெண், தாயோடு குளியலறைக்குச் சாமான் பார்க்க வந்தவள், அவளும் வேடிக்கைக்கு நின்றுவிட்டாள். நீதிபதி முதல் வரியைக் காட்டி, இது என் கறுநீலம், சந்தேகமே இல்லை என்றார். அது பள்ளிக்கூட நீலம். டாக்டரம்மா தன்னுடையது என்று நான்காவதைக் காட்டினாள். அது மயில் கழுத்து. கிரோலோஸ் ஒன்றைச் சொல்லி, இல்லை இல்லை என்று மாற்றி, மாற்றியதும் தவறாகப் போனது. ஈரத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் பளபளத்தன. ஹாஜியார் ஒவ்வொரு ஸ்டிக்கராக உரித்துக் காட்டினார். அந்தக் கல்யாணப்பெண் தாயின் காதில், நாம எதுக்கும்மா வந்தோம்னே மறந்து போச்சு என்றாள். டாக்டரம்மா முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தன் குழந்தையைக் கூட்டத்தில் அடையாளம் கண்டுகொள்ளாமல் போனவள் மாதிரி நின்றாள். நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, மேல்முறையீடு உண்டா என்றார். கிடையாது என்றார் ஹாஜியார்.

ஒன்று சொல்கிறேன் கேள். தோற்றுப்போய், ஒரு டாய்லெட் வியாபாரி முன்னால் தலை குனிந்து, மூன்று பேரும் என் கடைக்குள் திரும்பி வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்? போகும்போது ஆளுக்கொரு நீலப் புட்டி வாங்கிப்போனார்கள். டாக்டரம்மா வாங்கியது அதே பதினைந்து வருஷ நீலம். நான் அவளிடம், அடையாளமே தெரியலையேம்மா, இன்னுமா என்றேன் வேண்டுமென்றே. அவள், அது என்னை ஏமாத்தல, நான்தான் அவசரப்பட்டேன் என்றாள். தோற்றாலும் விடாத வாடிக்கைக்காரர் எந்த வியாபாரத்தில் உண்டு மனார்? வாஷ்பேசினில் உண்டா?

வாக்கு வாக்குதான். ஹாஜியார் கடைக்குப் போனேன். குளியல் தொட்டி விளிம்பில் உட்காரவைத்துப் புதினா போட்ட டீ கொடுத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. விலை சொன்னார், அதுவும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் சுவரை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஷவர் வரிசை வைப்பாராம். ஒரே நிறத்துக்கு ஒரு சுவராம்மா, உனக்கே சிரிப்பா இல்லையா என்றார். எதிரே அந்தக் கல்யாணப்பெண்ணும் தாயும் இன்னும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பேசினைக் காட்டி இது என்ன நிறம் ஹாஜியாரே என்றேன். பனி வெள்ளை என்றார். அது? முத்து வெள்ளை. அதுக்குப் பக்கத்துல? தந்த வெள்ளை, அதுக்குக் கிராக்கி ஜாஸ்தி. அந்தத் தாயும் மகளும் முத்தா தந்தமா என்றுதான் அத்தனை நேரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்க உட்கார்ற இடத்துக்கு இத்தனை வெள்ளை வேணும், எழுதற கைக்கு நாலு நீலம் இருந்தா உங்களுக்குச் சிரிப்பா என்று கேட்டேன். அவர் கணக்குப் பிள்ளை டீயைச் சிந்திவிட்டான். மகளே, இதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு வீட்டுச் சுவருக்கு எந்த வெள்ளை என்று வீட்டுக்காரரோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினதாக நீதானே சொன்னாய். உன் வெள்ளைக்கு நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

அதற்குப் பிறகுதான் ஹாஜியார் ஃபோனை எடுத்து நீ எழுதியதைக் காட்டினார். உன் மகளே சொல்லிட்டாம்மா, இன்னும் யாருக்காகப் பிடிச்சுட்டு நிக்கிற என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை, இரக்கம் இருந்தது. எனக்கு ஏளனம் தாங்கும். அந்த எழுத்தை இரண்டு தடவை படித்தேன். நேரான கறுப்பு எழுத்து, ஒன்றுபோல, எவன் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும். ஃபோனைத் திருப்பிக் கொடுத்து, இது அச்செழுத்து ஹாஜியாரே, என் மகள் கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், இது அவ கை இல்ல என்றேன். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். கேட்கிறேன்னு சொன்னேன், கேட்டாச்சு, கடை விக்கிறதுக்கில்ல என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து உனக்குப் பிடித்த முலூகியா கீரை சமைத்தேன், முழுக்க நானே சாப்பிட்டேன். அவ்வளவு கோபம்.

சனிக்கிழமை காலையில் நான் கதவைத் திறப்பதற்குள் ஹாஜியார் என் வாசலில் நிற்கிறார், கையில் அந்தத் தாள். அதை வாஷ்பேசினிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம். மனாரும்மா, இது நேத்து இப்படி இல்லையே என்றார். வாங்கிப் பார்த்தேன். ஐந்து வரியும் ஐந்தாகப் பிரிந்து கிடந்தன. பள்ளிக்கூட நீலம் வெளுத்துச் சிரித்தது, கறுநீலம் சாம்பல் பூசிக்கொண்டது, மயில் கழுத்து பச்சைக்குச் சாய்ந்தது, அழியாதது கருத்து உறுதியாக நின்றது, டாக்டரம்மாவின் நீலம் எழுத்தின் விளிம்பில் மட்டும் செப்புப் பாத்திரம் மாதிரி ஒரு சிவப்பைக் காட்டியது. நேத்து ஈரம் ஹாஜியாரே, இன்னைக்குக் காய்ஞ்சிருக்கு என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தச் செப்பு எதுல இருந்து வருது என்றார். அதுதான் டாக்டரம்மாது, விற்பனைக்கு இருக்கு, வேணுமா என்றேன். வேணாம் வேணாம், சும்மா கேட்டேன் என்றார். பந்தயம் முடிஞ்சது முடிஞ்சதுதான் மனாரும்மா, கோப்பையை எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். நான் எடுக்கச் சொல்லவே இல்லையே என்றேன். மத்தியானம் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், கதவுக்கு நேர் எதிரே இருந்த ஒரு கோப்பையை மட்டும் காணோம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கின்றன. இன்றும் கடையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவரும் வியாபாரி, கேட்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

அந்தத் தாளை அவரிடம் கேட்டு வாங்கிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழியாமல் எடு. மனாரும்மா கடையை விற்கட்டும் என்று ஐந்து தடவை எழுதியிருக்கும். நீ சொன்ன அதே சொல்தான், எனவே படிக்க உனக்குச் சிரமம் இருக்காது. ஆனால் படிக்க வேண்டாம், பகலில் உன் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார். பார்த்துவிட்டு ஒரே நீலம் என்று இன்னொரு முறை சொல்.

உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய். வருவேன். பனி கரைந்ததும் ஒரு மாதம் வருவேன், விருந்தாளியாக, திரும்பிப் போகும் டிக்கெட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு. உன் சமையலறையை ஒழுங்கு பண்ணுவேன், ஹாஸிமுக்கு ஃபதீர் ரொட்டி சுட்டுப் போடுவேன், அப்புறம் என் கடைக்குத் திரும்பிவிடுவேன். ஷுப்ராவில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தோளில் மைப்பெட்டி தூக்கிப்போய் விற்றவள் நான். அப்போதும் எல்லாரும் பால்பாயிண்ட் வந்தாச்சு, மை எதுக்கு என்றுதான் கேட்டார்கள். அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல்தான் இந்தக் கடையை வாங்கினேன்.

ஆனால் உன் பெயர் பத்திரத்தில் இருக்கிறது, நான்தான் எழுத வைத்தேன், அதை நான் மறுக்க மாட்டேன். உன் பாதி உன்னுடையது. உனக்கு நிஜமாகவே விற்கவேண்டும் என்றிருந்தால் அதற்கும் வழி சொல்கிறேன். ஃபோனில் தட்டியதை நான் உன் வாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். உன் கையால் எழுதி அனுப்பு. நீ புறப்பட்ட அன்று உன் பையில் வைத்தேனே கரும்பச்சைப் பேனா, அதில் எழுது. இத்தனை நாளில் காய்ந்து போயிருக்கும். வெந்நீர் ஊற்றிவிடாதே, கெட்டுப்போகும். பச்சைத் தண்ணீரில் நிப்பை ஊறவை, தண்ணீர் தெளியும் வரை மாற்று. மையை நான் இங்கிருந்து அனுப்பவில்லை, வழியில் உறைந்து புட்டி வெடிக்கும். உன் ஊரிலேயே ஒரு கடைக்குப் போ, நீலம் வேண்டும் என்று கேள். அலமாரி முழுக்க எடுத்துக் காட்டுவான். எது என்று நான் சொல்ல மாட்டேன், எல்லாம் ஒன்று என்று சொன்னவள் நீ, கைக்கு வந்ததை எடு. அங்கே ஒன்றை எடுத்து, வைத்து, வேறொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாயானால் அதையும் கடிதத்தில் மறைக்காமல் எழுது.

எழுதியதும் அனுப்பிவிடாதே. காயட்டும். மறுநாள் பகலில் எடுத்துப் படி. அப்போதும் அது விற்கச் சொன்னால் தபாலில் போடு. உன் கையெழுத்துக்குக் கீழே அன்றைக்கே என் கையெழுத்தையும் போட்டு ஹாஜியாரிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன் அம்மா வாக்கு மாறமாட்டாள் என்பது ஹாஜியாருக்கே தெரியும், டீ குடித்துக் காட்டியிருக்கிறேன்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள். ஹாஸிமுக்கு என் அன்பைச் சொல், அந்தப் பிள்ளை மெலிந்துவிட்டதாக ஷைமா கல்யாணத்துக்கு அனுப்பின படத்தில் தெரிந்தது, பருப்பு சூப் வைத்துக் கொடு. இறைவன் உன் வீட்டில் வெளிச்சத்தையும் உன் கையில் பரக்கத்தையும் நிறைத்து வைக்கட்டும், உனக்கு வரும் கண்ணேறெல்லாம் என் வாசலில் தொங்கும் நீலப் பாசிமணியோடு போகட்டும். வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர். மறந்துவிடாதே.

பத்திரத்தில் உன் பெயருக்குப் பக்கத்துப் பெயர்க்காரி,
உன் அம்மா
இன்ஷிராஹ்